ஆங்கில வழுக்களும் தமிழ் இலக்கணமும்

ஆங்கிலத்தில் நம்மவர் செய்யும் பிழைகளைத் தொகுத்துத் திருத்தம் சொல்லும் நூல்களுக்கு நம் நாட்டில் என்றுமே தட்டுப்பாடு இருந்ததில்லை. 1907இலேயே ஜார்ஜ் கிளிஃபோர்ட் விட்வொர்த் என்பவர், இந்தியர் எழுதும் ஆங்கிலத்தின் மரபு வழுக்களை ஆராய்வதற்கென்று ஒரு தனி நூல் எழுதினார். 1930களில் ரென், மார்ட்டின் இருவரும் எழுதிய இலக்கண நூல் இன்றும் பழைய புத்தகக் கடைகளில் முதல் அடுக்கில் இருக்கிறது. பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் முப்பது நாள் ஆங்கிலப் புத்தகங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவற்றுள் பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றுதான்: இடப்பக்கம் பிழை, வலப்பக்கம் திருத்தம். இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய காரணம் மட்டும் இராது.

காரணம் கேட்டால், பெரும்பாலும் தமிழின் மீதுதான் பழி விழுகிறது. "தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறாய், அதனால்தான் தப்பு" என்று சொல்லப்படாத மாணவர் நம்மிடையே குறைவு. வகுப்பில் தமிழில் பேசினால் அபராதம் விதிக்கும் பள்ளிகளும் இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கின்றன. நமக்கு இதில் நெடுநாளாக ஐயம் உண்டு. அடிக்கடி நிகழும் ஆங்கில வழுக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அவற்றுள் பலவற்றில் தமிழ் குற்றவாளியாகத் தெரியவில்லை. அதே வேறுபாட்டைத் தமிழும் தெளிவாகக் காட்டுகிறது. அதை மாணவரிடம் யாரும் சொல்லவில்லை என்பதே உண்மை. (ஆங்கிலச் சொற்களை இக்கட்டுரையில் தமிழ் எழுத்திலேயே தருகிறோம். அதற்கு ஒரு பயனும் இருக்கிறது; உடனே தெரியும்.)

எளியதிலிருந்து தொடங்குவோம். "எ" எங்கே வரும், "ஆன்" எங்கே வரும்? உயிரெழுத்துக்கு முன் "ஆன்" என்று பாடம் சொல்கிறார்கள். மாணவர் ஆங்கிலத்தின் ஐந்து உயிரெழுத்துகளைக் கண்ணால் தேடுகிறார். ஆகவே பல்கலைக்கழகத்துக்கு "ஆன் யுனிவர்சிட்டி" என்றும், ஒரு மணி நேரத்துக்கு "எ அவர்" என்றும் எழுதிவிடுகிறார். விதி எழுத்தைப் பற்றியதன்று, ஒலியைப் பற்றியது. இதைத் தமிழ் மாணவருக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதே இல்லை. ஒரு நாள், ஓர் ஆண்டு. ஒரு வீடு, ஓர் இல்லம் என்பதை அவர் ஆறாம் வகுப்பிலேயே படித்துவிட்டார். அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதிப் பார்க்கச் சொன்னால் போதும். யுனிவர்சிட்டி யகர மெய்யில் தொடங்குகிறது, ஆகவே "ஒரு", ஆகவே "எ". அவர், ஆனர், எம்.எல்.ஏ. ஆகியவை உயிரில் தொடங்குகின்றன, ஆகவே "ஓர்", ஆகவே "ஆன்". இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். எகரத்துக்கு முன் ஒரு யகரத்தைச் சேர்த்து "யெம்மெல்லே" என்று பேசும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த ஒலிப்பை நம்பினால் விடை தவறும். ஒன்று என்னும் எண்ணுக்கான ஆங்கிலச் சொல்லை "ஒன்" என்று எழுதுவது நம் பழக்கம். உண்மை ஒலிப்போ வகரத்தில் தொடங்குவது. அதனால்தான் ஒருவழிப் பாதைக்கு முன்னால் "எ" வருகிறது.

"தி" இதைவிடக் கடினம். தமிழில் இத்தகைய சுட்டு அடை இல்லை, ஆகவே தமிழருக்கு இது பிடிபடாது என்று சொல்லிப் பட்டியலை நீட்டிவிடுகிறார்கள்: ஆறுகளுக்கு முன் வரும், மலைத்தொடருக்கு முன் வரும், தனி மலைக்கு முன் வராது. இவையெல்லாம் ஓரத்து விதிகள். நடுவில் இருப்பது ஒரே கேள்விதான். கேட்பவருக்கு எந்தப் பொருள் என்று ஏற்கெனவே தெரியுமா, தெரியாதா?

இந்தக் கேள்வியைத் தமிழ் கேட்கவில்லையா? "புத்தகம் வாங்கினேன்" என்பதும் "புத்தகத்தை வாங்கினேன்" என்பதும் ஒன்றா? முன்னதில் ஏதோ ஒரு புத்தகம். கேட்பவருக்கு அது புதிய செய்தி. பின்னதில், நாம் முன்பே பேசிய அந்தப் புத்தகம். இரண்டாம் வேற்றுமையின் ஐயுருபு தொக்கு நிற்பதும் விரிந்து வருவதும் செய்யுளின் ஓசைக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். அன்றாடப் பேச்சில் அது செய்கிற வேலையின் பெரும்பகுதி ஆங்கிலத்தின் "தி" செய்கிற வேலையே. கடைக்குப் போய்ப் "பேனா குடுங்க" என்கிறோம். மேசைமேல் இருக்கும் பேனாவைக் காட்டியோ நினைத்தோதான் "பேனாவைக் குடுங்க" என்கிறோம். எழுத்தறிவே இல்லாதவரும் இதில் தவறுவதில்லை.

சொல்வரிசையும் இதே வேலையைச் செய்கிறது. "மேசைமேல் புத்தகம் இருக்கிறது" என்றால் புத்தகம் புதிது. ஆங்கிலம் இங்கே "எ புக்" என்று சொல்லும், "தேர் இஸ்" என்று வாக்கியத்தைத் தொடங்கும். "புத்தகம் மேசைமேல் இருக்கிறது" என்றால் தேடிக்கொண்டிருந்த புத்தகம் அது. "தி புக்" என்று தொடங்கும். மூன்று சொற்களும் ஒன்றே, இடம் மாறியதும் பொருள் மாறுகிறது. இந்த நுண்மையைத் தன் மொழியில் வைத்திருக்கும் மாணவரிடம் "உனக்கு இந்தக் கருத்தே கிடையாது" என்று சொல்லிப் பாடத்தைத் தொடங்குவது அநியாயம்.

ஐயுருபுச் சோதனைக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். உயர்திணையில் அது உதவாது. யார் என்று தெரியாவிட்டாலும் "ஒரு பெண்ணைப் பார்த்தேன்" என்று உருபோடுதான் சொல்கிறோம். "ஒரு" இருந்தால் அது "தி" ஆகாது என்பது அங்கே துணைக்கு வரும். படிக்கப் போகிற பள்ளிக்கு முன் "தி" இல்லை, யாரையோ பார்க்கப் போகிற பள்ளிக்கு முன் "தி" உண்டு என்பது போன்றவற்றை மனப்பாடம் செய்துதான் தீர வேண்டும். ஆயினும் பத்தில் ஆறேழு இடங்களில் தன் காதையே நம்பலாம் என்று தெரிந்த மாணவருக்கும், அறுபது விதிகளின் முன் திகைத்து நிற்கும் மாணவருக்கும் இடையே உள்ள தூரம் பெரிது.

(இடையே ஒரு வருத்தம். ஆங்கிலத்தில் "எ" போட மறக்கும் நாம், தமிழில் அதை வேண்டாத இடத்திலெல்லாம் போடுகிறோம். "அவர் ஒரு ஆசிரியர்", "இது ஒரு நல்ல நாவல்", "அவருக்கு ஒரு மரியாதை உண்டு". இலக்கியப் பத்திரிகைகளின் பக்கங்களிலேயே இந்த "ஒரு" புல்போல் முளைத்துக் கிடக்கிறது. அதிலும் "ஒரு ஆசிரியர்" இரட்டை வழு. இதைத் திருத்த யாரும் முப்பது நாள் புத்தகம் போடவில்லை.)

காலம் காட்டும் வினைகளுக்கு வருவோம். "சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்பது இந்திய ஆங்கிலத்தின் முத்திரைப் பிழைகளில் ஒன்று. கால அளவுக்கு "ஃபார்", தொடங்கிய புள்ளிக்கு "சின்ஸ்" என்பது விதி. தமிழில் பாருங்கள்: "மூன்று ஆண்டுகளாக", "2015இலிருந்து". ஆக என்றால் அளவு, இருந்து என்றால் புள்ளி. மூன்று ஆண்டுகள் என்று அளவைச் சொல்லும்போது நமக்குத் தானாக வருவது "ஆக". தமிழில் யோசித்து எழுதியிருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது.

"ஐ டிட் நாட் வென்ட்" என்பதும் அத்தகையதே. இறந்தகாலத்தை இரண்டு இடத்தில் காட்டுவது இதன் குற்றம். "போகவில்லை" என்பதில் "போக" காலம் காட்டாத எச்சம். "போனேன்" என்ற முற்றோடு "இல்லை"யை ஒட்டி இன்று யாரும் பேசுவதில்லை. எதிர்மறை வந்தால் முதன்மை வினை காலத்தைக் களைந்துவிடுகிறது என்பது தமிழ்க் குழந்தைக்கு மூன்று வயதில் தெரிந்த செய்தி. "கேன் ஏபிள் டு" என்று எழுதுபவரிடம், தமிழில் "முடியும்" என்பதை ஒரே வினைக்கு இருமுறை சொல்வாரா என்று கேட்டால் சிரித்துவிடுவார்.

"ஐ ஆம் நோயிங்" என்னும் தொடர்வினைப் பிழையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதற்கு இலக்கிய மதிப்பே வந்துவிட்டது. நிசிம் எசக்கியேல் 1976இல் வெளியான தம் தொகுதியில், மிஸ் புஷ்பாவுக்கு நடக்கும் பிரிவுபசாரத்தைப் பற்றிய கவிதையை இந்த வினை வடிவத்தின் மேலேயே கட்டினார். அரங்குகளில் அது படிக்கப்படும்போதெல்லாம் சிரிப்பு எழும். கவிஞரின் நோக்கம் எதுவாயினும், அந்தச் சிரிப்பு மேலிருந்து கீழே பார்த்துச் சிரிப்பதாகவே நமக்குப் படுகிறது. அது இருக்கட்டும். இந்தப் பிழை தமிழிலிருந்து வந்ததா? "எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது" என்று எந்தத் தமிழர் சொல்வார்? தெரியும், புரியும், பிடிக்கும், வேண்டும், உண்டு ஆகிய சொற்கள் "கொண்டிரு"வை இயல்பாக ஏற்பதில்லை. அவற்றுக்கு நேரான ஆங்கில வினைகளும் "இங்" ஏற்பதில்லை. "எனக்கு இரண்டு தங்கைகள் உண்டு" என்று சொல்ல முடிந்த இடத்தில் "ஐ ஆம் ஹேவிங்" வராது. பிறகு பிழை எப்படி வந்தது? கிறு என்னும் இடைநிலை தமிழில் இரட்டை வேலை செய்கிறது. "படிக்கிறேன்" என்றால் இப்போது படித்துக்கொண்டிருப்பதும் ஆகும், வழக்கமாகப் படிப்பதும் ஆகும். பாடத்தில் அதற்கு ஒரே இணையாகத் தொடர்வினையை முதலில் கொடுத்துவிட்டு, பின்னால் விலக்குகளை அடுக்குகிறார்கள். பழக்கம் விலக்கை வென்றுவிடுகிறது.

"நேற்று பார்த்தேன்" என்பதற்கு "ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே" என்று எழுதுவதும் பரவலான பிழை. தஞ்சைப் பெரிய கோயிலைப் "பார்த்திருக்கிறேன்" என்போம். அங்கே நாள் முக்கியமில்லை. நாளைக் குறிப்பிட்டவுடன் தமிழும் "நேற்றுப் பார்த்தேன்" என்றே மாறிவிடும். ஆங்கில விதியும் இதுவே. படர்க்கையில் "அவன் நேற்று வந்திருக்கிறான்" என்று சொல்வோமே என்று கேட்கலாம். அது வேறு பொருள். நாம் காணாததைத் தடயம் கொண்டு ஊகித்துச் சொல்வது. அந்த நுட்பம் ஆங்கிலத்தின் அந்த வினை வடிவத்தில் கிடையாது.

தமிழே காரணமான பிழைகள் இல்லாமல் இல்லை. "மூன்று ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன்" என்பதில் தமிழ் நிகழ்காலம் போதும் என்கிறது. ஆங்கிலமோ "ஹேவ் பீன்" என்று இறந்தகாலத்தையும் உள்ளே இழுக்கிறது. "தவறு செய்தேன்" என்பது "டிட் எ மிஸ்டேக்" ஆகிறது; ஆங்கிலத்தில் தவறை "மேக்" பண்ண வேண்டும். நன்னூல் எழுவகை வழுக்களைச் சொல்லுமிடத்தில் கடைசியாக மரபு வழுவை வைக்கிறது. நாய் குரைக்கும், கத்தாது. தென்னை தோப்பாகும், தோட்டமாகாது. ஏன் என்று கேட்கக் கூடாது. ஆங்கிலத்தில் எந்தப் பெயருக்கு எந்த வினை இணையும் என்பதும் இப்படித்தான். கேட்டும் படித்தும் பழகுவதைத் தவிர வழியில்லை.

முன்னிடைச்சொற்களில் தமிழ் பாதி வழி வரும். பேருந்தில், அறையில், வாசலில் என்று எல்லாவற்றுக்கும் "இல்" போதும் நமக்கு. ஆங்கிலம் மூன்று வெவ்வேறு சொல் கேட்கும். ஏழாம் வேற்றுமைக்கு இருபத்தெட்டு உருபுகளை நன்னூல் எண்ணியது. அந்தச் செல்வத்தை நாம்தான் தொலைத்துவிட்டோம். ஆனால் தேவையில்லாத இடத்தில் முன்னிடைச்சொல் சேர்க்கும் பிழைக்கு, அதாவது "டிஸ்கஸ் அபௌட்", "ரீச்ட் டு", "மேரீட் வித்" போன்றவற்றுக்கு, எழுத்துத் தமிழில் மருந்து உண்டு. ஐயுருபு ஏற்கும் வினையைத் தேடுங்கள்: சிக்கலை விவாதித்தார்கள், ஊரை அடைந்தான், அவளை மணந்தான், தலைவரை அணுகினார்கள், தந்தையை ஒத்திருக்கிறான். இவற்றுக்கு நேரான ஆங்கில வினைகளும் செயப்படுபொருளை நேராகவே ஏற்பவை. "பற்றி", "ஓடு", "க்கு" என்பவை பேச்சுத் தமிழ் வழியாக வந்து ஒட்டிக்கொண்டவை. "என்டர்" மட்டும் இந்தச் சோதனைக்குப் பிடிகொடுக்காது. அறைக்குள் நுழைந்தேன் என்றுதானே சொல்கிறோம்.

"ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹீ" என்பதில் பழி வழக்கம்போல் தமிழுக்குப் போகிறது. "அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது" என்னும் தமிழ் வாக்கியத்தில் எழுவாய் முன்னே, வினை பின்னே. ஆங்கிலமும் வினாவை மற்றொரு வாக்கியத்துக்குள் அடக்கும்போது "ஹீ இஸ்" என்று அதே வரிசைக்கு வந்துவிடுகிறது. தமிழ் வரிசையையே பின்பற்றுங்கள் என்று சொல்லியிருந்தால் பிழை நீங்கியிருக்கும். வினா என்றால் இடம் மாற்று என்று அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடமே இங்கே வழிதவற வைத்தது. உண்மையில் தமிழ் தொல்லை தருவது "என்று" என்னும் சொல்லில்தான். அதற்கு முன்னால் ஒருவர் பேசியதை அப்படியே வைத்துவிடலாம். "எங்கே போகிறாய் என்று கேட்டேன்." ஆங்கிலத்தில் மேற்கோள்குறி இல்லாமல் எழுதினால் "நீ", "அவன்" ஆக வேண்டும், காலமும் பெரும்பாலும் பின்னோக்கி நகர வேண்டும். நமக்கு இது இயற்கையாக வராது. பயிற்சிதான் வேண்டும்.

தாய்மொழியோடு ஒப்பிட்டால் எங்கே கடினம் என்று முன்கூட்டியே சொல்லலாம் என்று ராபர்ட் லாடோ 1957இல் எழுதினார். பத்தாண்டு கழித்து, 1967இல், பிட் கார்டர் கைத்தவறுதலையும் முறையான பிழையையும் பிரித்துக் காட்டி, பின்னது கற்பவர் தமக்குள் கட்டிக்கொண்டிருக்கும் விதிகளின் தடயம் என்றார். எல்லாப் பிழையும் தாய்மொழியிலிருந்து வருவதில்லை என்பது மொழியியலில் பழைய செய்தியாகிவிட்டது. நம் ஆசிரியர் அறைகளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

இனி, பிழையே அல்லாத பிழைகள். நம் இலக்கண மரபில் வழு, வழாநிலை என்ற இரண்டோடு வழுவமைதி என்று மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. பசுவைப் பார்த்து உவப்பினால் "என் அம்மை வந்தாள்" என்பது திணை வழு. காரணம் இருப்பதால் அமைத்துக்கொள்கிறோம். ஆங்கிலத் திருத்த நூல்களுக்கு இந்த மூன்றாம் அறை கிடையாது. வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிக்கக் கூடாது என்பதைப் பலர் வேதமாகச் சொல்கிறார்கள். 1762இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத்கூட அதைப் பேச்சு நடைக்கு ஏற்றது, மேல்நடைக்கு அவ்வளவு பொருந்தாது என்ற அளவில்தான் சொன்னார். ஒருவரைக் குறிக்கப் பன்மைச் சொல்லான "தே" வரலாமா என்று இன்றும் சண்டை நடக்கிறது. பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே அது வந்துகொண்டிருக்கிறது. பலர்பாலான "அவர்" என்பதை ஒருவருக்கு வழங்குகிற நமக்கு இதில் வியப்பென்ன? அவ்வாறு ஒருவரைப் பன்மையால் உயர்த்திச் சொல்லும் வழக்கைத் தொல்காப்பியமே குறித்துவைத்திருக்கிறது.

நம் ஆங்கிலத்திலும் அமைதி கொள்ளத்தக்கவை உண்டு. "ப்ரீபோன்" நல்ல சொல். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியும் ஏற்றுக்கொண்டது. சித்தப்பா மகனைக் "கசின் பிரதர்" என்பது உறவை நுணுக்கமாகப் பார்க்கும் சமூகத்தின் தேவை. "தேர் ஒன்லி" என்பதில் நம் "தான்" உட்கார்ந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் "இஸின்ட் இட்" போடுவதும் நம் "இல்லையா"தான். பிரெஞ்சிலும் இப்படி எல்லா வாக்கியத்துக்கும் பொதுவான ஒரே வால்தான். ராஜாராவ் 1938இல் "காந்தபுரா"வின் முன்னுரையில், நாம் ஆங்கிலேயரைப் போல எழுத முடியாது, எழுதவும் கூடாது என்ற பொருள்பட எழுதினார். நாவலுக்கு அது சரி. வேலைக்கான விண்ணப்பத்துக்கும் ஆய்வுக் கட்டுரைக்கும் அது சரியாகாது. அமைதி என்பது காரணமும் இடமும் அறிந்து கொள்வது. "டிட் நாட் வென்ட்" என்பதற்கு எந்த இடத்திலும் அமைதி இல்லை. இதை இந்தியத் தன்மை என்று சொல்லிக் கொண்டாடுகிறவர்கள், தம் பிள்ளைகளை அப்படி எழுத விடமாட்டார்கள். இழப்பு முழுவதும், முதன்முதலாகக் கல்லூரிக்கு வருகிற வீட்டுப் பிள்ளைக்குத்தான். நேர்காணலில் ஒரு "தி" விட்டுப்போனால் எதிரில் இருப்பவர் ஆங்கிலத்தை மட்டும் குறைத்து மதிப்பிடுவதில்லை. அறிவையே குறைத்து எடைபோட்டுவிடுகிறார்.

ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் வழியாகவே கற்பிக்க வேண்டும் என்பவர்களின் வாதத்தை நாம் அறிவோம். மொழிபெயர்த்தே கற்பித்த பழைய முறையில் படித்தவர்கள் எழுதுவார்கள், வாய் திறக்கமாட்டார்கள் என்பது உண்மை. வீட்டிலும் ஆங்கிலம் கேட்கும் குழந்தைக்கு நேர்முறை போதும். பதின்மூன்று வயதில், வகுப்பறைக்கு வெளியே ஒரு வாக்கியம்கூட ஆங்கிலம் கேட்க வாய்ப்பில்லாத மாணவருக்கு அது போதாது. சீகன்பால்கு 1716இல் ஹாலே நகரில் அச்சிட்ட தமிழ் இலக்கணம் லத்தீனில் எழுதப்பட்டது; வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணமும் அப்படியே. தாம் அறிந்த இலக்கணத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஐரோப்பியர் தமிழுக்குள் நடந்து வந்தார்கள். அந்த வழியை நம் பிள்ளைகளுக்கு மட்டும் அடைத்து வைத்திருக்கிறோம்.

மூன்றாம் பாடவேளையில் தமிழாசிரியர் இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் நடத்துகிறார். நான்காம் பாடவேளையில் ஆங்கில ஆசிரியர் அதே கரும்பலகையில் "எ", "ஆன்", "தி" என்று எழுதுகிறார். இருவரும் ஒரே அறையில் தேநீர் அருந்துகிறார்கள். ஒருவர் பாடத்தை மற்றவர் அறியமாட்டார். ஒரு பிற்பகல் அவர்கள் சேர்ந்து உட்கார்ந்தால், முதலில் ஐயுருபையும் "தி"யையும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்து "ஆக", "இருந்து". "என்று" என்பதற்கு மட்டும் தனியாக ஒரு வாரம் வேண்டியிருக்கும். முன்னிடைச்சொற்களைக் கடைசிக்கு விட்டுவிடலாம்.